கற்பனைக் கடற்படைகள்: மேசைமீது மூழ்கிய கப்பல்களின் வரலாறு

போர் நிகழாத காலத்தில் போரைக் கற்பது எவ்வாறு என்னும் வினா எல்லாப் படைகளுக்கும் உரியதே எனினும், கடற்படைகளை அது மிகுதியாக வருத்தியது. 1805ஆம் ஆண்டின் டிராஃபல்கர் போருக்கும் 1905ஆம் ஆண்டின் சுஷிமா போருக்கும் இடைப்பட்ட நூறாண்டுகளில் பெருங்கப்பற்படைகள் அணிவகுத்து மோதிய போர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே நடந்தன. ஆனால் அதே நூறாண்டுகளில் பாய்க்குப் பதில் நீராவியும், மரத்துக்குப் பதில் இரும்பும் பின்னர் எஃகும், பக்கவாட்டில் வரிசையாக நின்ற பீரங்கிகளுக்குப் பதில் சுழல்மேடைப் பீரங்கிகளும் வந்தன. நீருக்கடியில் தானே விரைந்து சென்று வெடிக்கும் டார்பிடோவும், இறுதியில் நீர்மூழ்கிக் கப்பலும் அவற்றோடு சேர்ந்தன. இக்கருவிகள் போரில் எவ்வாறு இயங்கும் என்பதைக் கண்டறிந்தவர் எவரும் இல்லாத நிலையில், ஓர் அதிகாரி இளம்பயிற்சியாளனாகச் சேர்ந்து அட்மிரலாக ஓய்வுபெறும்வரை ஒரு பெருங்கடற்போரையும் காணாமலே இருந்துவிட முடிந்தது. இந்த அறிவுப் பஞ்சத்தைப் போக்கவே இல்லாத நாடுகளும், அந்நாடுகளுக்கு இல்லாத கடற்படைகளும் படைக்கப்பட்டன.

இவ்வாறு படைக்கப்பட்ட கப்பல்களை மேசைமீதோ கட்டமிட்ட தரைமீதோ நகர்த்திப் போரை ஒத்திகை பார்க்கும் முறைக்குப் போர் விளையாட்டு என்று பெயர். விளையாட்டு என்ற சொல் அதில் ஒட்டியிருந்தாலும், அதன் உறுப்புகள் மூன்றும் கண்டிப்பானவை. முதலாவது, ஒவ்வொரு கப்பலின் வேகம், கவசம், பீரங்கி, டார்பிடோ ஆகியவற்றை எண்களாகக் குறிக்கும் பட்டியல். இரண்டாவது, ஒரு குண்டு பட்டால் என்ன சேதம், எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தொலைவு செல்லலாம் என்பவற்றை வரையறுக்கும் விதிகள். மூன்றாவது, இரு தரப்பின் ஆணைகளையும் பெற்றுக்கொண்டு, ஒவ்வொரு தரப்பும் காணத்தக்கதை மட்டும் அதற்கு அறிவித்து, மோதலின் விளைவைத் தீர்ப்பாகக் கூறும் நடுவர். சதுரங்கத்தில் இரு ஆட்டக்காரர்களும் பலகை முழுவதையும் காண்கிறார்கள். போர் விளையாட்டில் பகைவனின் இருப்பிடமும் எண்ணமும் மறைக்கப்பட்டிருப்பதால், அறியாமையோடு முடிவெடுக்கும் திறனே அதில் சோதிக்கப்படுகிறது. இக்கற்பனைக் கடற்படைகளின் இருநூறாண்டு வரலாற்றை நோக்கினால், அவற்றின் பயன் விதிகளின் நுட்பத்தைவிட, தன் கப்பல் மூழ்கியது என்ற தீர்ப்பை ஏற்றுக்கொள்ளும் நேர்மையையே பெரிதும் சார்ந்திருந்தது என்பது புலனாகும்.

தொடக்கங்கள்

கடற்போரை மேசைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் முதன்மையானவர் மாலுமி அல்லர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் கிளார்க் என்னும் வணிகர், கடற்பணி எதிலும் ஈடுபடாதவராயினும், சிறு மாதிரிக் கப்பல்களை மேசைமீது நகர்த்தி நகர்த்தி அக்காலப் போர்களை ஆராய்ந்தார். ஆங்கிலேயக் கப்பல்களும் பிரெஞ்சுக் கப்பல்களும் இணையான இரு வரிசைகளில் நின்று சுட்டுக்கொண்டு, முடிவில்லாமல் பிரிந்து செல்வதன் காரணத்தைத் தேடிய அவர், பகைவரின் வரிசையை ஊடறுத்து அதன் ஒரு பகுதியைத் தனிமைப்படுத்த வேண்டும் என்ற முடிவுக்கு வந்து, அதை 1782இல் சிறு நூலாக அச்சிட்டு நண்பர்களிடையே வழங்கினார். ஆங்கிலேய அட்மிரல்கள் இதை அவரிடம் கற்றனரா, தாமே கண்டறிந்தனரா என்ற விவாதம் நெடுநாள் நீடித்தது. விடை எதுவாயினும், கடலில் உப்புக் காற்றையும் புகையையும் சுவாசித்தவர்களின் கண்ணுக்கு எளிதில் படாத வடிவம் மேசைமீது தெளிவாகத் தெரியக்கூடும் என்பது அப்போதே மெய்ப்பிக்கப்பட்டது.

விதிகளும் நடுவரும் கொண்ட முறையான போர் விளையாட்டு நிலப்படையிடமிருந்து வந்தது. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்னும் தந்தை தொடங்கி, பீரங்கிப்படை அதிகாரியான மகன் 1824இல் செம்மைப்படுத்திய அவ்விளையாட்டில் உண்மையான நிலவரைபடமும், படைப்பிரிவுகளைக் குறிக்கும் நீலச் சிவப்புக் கட்டைகளும், எதிர்பாராமையைக் கொண்டுவரும் பகடையும் இருந்தன. பிரஷ்யப் படையின் தலைமைப் பணியகத்தை நடத்திய மியூஃப்ளிங் அதனை வெறும் ஆட்டமாகக் கருதாமல் போருக்கான பயிற்சியாகவே மதித்து, படைப்பிரிவுகள் தோறும் பரவச் செய்தார். பிரஷ்யா 1866இலும் 1870இலும் வென்ற பிறகு பிற நாடுகளும் அம்முறையைப் பின்பற்றத் தொடங்கின. கடலுக்கு அதை மாற்றியமைத்தவர்களுள் ஒருவரான ஆங்கிலேய அதிகாரி ஃபிலிப் கொலோம், இரண்டு கப்பல்கள் தனித்து மோதும் ஆட்டமொன்றை 1878இல் வெளியிட்டார். கப்பலைக் கொண்டே கப்பலை இடித்து மூழ்கடிப்பது போர்முறையாகக் கருதப்பட்ட அக்காலத்தில், திரும்பும் வட்டத்தின் அளவும் வேகமும் எவ்வாறு ஒன்றையொன்று வெல்லும் என்பதை அது ஆராய்ந்தது.

ஜேனின் ஆட்டமும் அதன் துணைநூலும்

கற்பனைக் கடற்படையின் தேவையிலிருந்து உண்மைக் கடற்படைகளைப் பற்றிய மாபெரும் தகவல் நூல் பிறந்தது இவ்வரலாற்றின் வியப்புக்குரிய பகுதியாகும். 1865இல் பிறந்த ஃபிரெட் ஜேன் என்னும் ஆங்கிலேயர் ஓவியர், அறிவியல் புனைகதை எழுத்தாளர், கப்பல்களின்மீது தீராத ஆர்வம் கொண்டவர். அவர் உருவாக்கிய கடற்போர் ஆட்டத்தில், சுட வேண்டிய கப்பலின் பக்கத்தோற்றம் ஓர் அட்டையில் கட்டங்களோடு வரையப்பட்டிருக்கும். தொலைவு கூடக்கூட அட்டையிலுள்ள படம் சிறிதாகும். ஆட்டக்காரர் முனையில் ஊசி பொருத்திய சிறு தட்டியால் அதன்மீது அடிக்க, ஊசி குத்திய இடத்தில் கவசம் எத்தகையது, சுட்ட பீரங்கி எத்தகையது என்பதை ஒப்பிட்டு நடுவர் சேதத்தைக் கூறுவார். ஊசி தட்டியின் நடுவில் இல்லாமல் சற்று விலகி அமைந்திருந்ததால், குறி தவறுவதற்கும் இடமிருந்தது. கடலில் பீரங்கி சுடுபவனின் நிலைமையும் அதுவே.

இவ்வாட்டம் நடக்க வேண்டுமானால் உலகின் ஒவ்வொரு போர்க்கப்பலுக்கும் கவசம் எங்கே எவ்வளவு தடிப்பு, பீரங்கிகள் எத்தனை, வேகம் என்ன என்பது தெரிந்திருக்க வேண்டும். அத்தகவல்களைத் தாமே திரட்டி, கப்பல்களின் படங்களைத் தாமே வரைந்து, கவசத்தையும் பீரங்கியையும் ஒப்பிடுவதற்கு எழுத்துக் குறியீடுகளையும் வகுத்து, 1898இல் உலகின் போர்க்கப்பல்களைப் பற்றிய தம் நூலின் முதல் பதிப்பை ஜேன் வெளியிட்டார். ஆட்டத்தின் துணைநூலாகப் பிறந்த அது விரைவில் ஆட்டத்தையே பின்தள்ளிவிட்டு, கடற்படைத் தலைமையகங்களும் கப்பல் தலைவர்களும் ஆண்டுதோறும் எதிர்பார்க்கும் நூலாக வளர்ந்து, இன்றுவரை அவர் பெயராலேயே வெளிவருகிறது. தொடுவானத்தில் தெரியும் கப்பல் யாருடையது என்பதை அறிய, புகைபோக்கிகளின் எண்ணிக்கையையும் பாய்மரக் கம்பங்களின் எண்ணிக்கையையும் அடிப்படையாகக் கொண்டு நிழலுருக்களை அவர் வரிசைப்படுத்தினார். அக்கால மாலுமிகளின் கண்ணும் அவ்வாறே பழகியிருந்தது. 1914 செப்டம்பர் 22 அன்று சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த ஜெர்மானியக் கப்பல் எம்டன், மூன்று புகைபோக்கிகளை உடையது. அது நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நிறுத்திக்கொண்டு ஆங்கிலேயக் கப்பலைப்போல் உலவியதும், அக்டோபர் இறுதியில் அதே வேடத்தில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யக் கப்பலை மூழ்கடித்ததும் அந்தக் கண்பழக்கத்தைக் கணக்கில் கொண்ட செயல்களே.

கற்பனைப் பகைவனும் உண்மைச் செலவும்

மேசையோடு நில்லாமல், உண்மைக் கப்பல்களையே கற்பனை நாடுகளுக்குப் பிரித்துக் கொடுத்துக் கடலில் ஒத்திகை நடத்துவதும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வழக்கமாயிற்று. 1888ஆம் ஆண்டின் ஆங்கிலேய ஒத்திகையில் ஒரு பிரிவு பிரிட்டனாகவும், அயர்லாந்துத் துறைமுகங்களில் நின்ற மற்றொரு பிரிவு பகைநாடாகவும் கொள்ளப்பட்டன. பகைவரின் துறைமுக வாயில்களில் காவல் நின்று அவர் கப்பல்களை வெளியேறவிடாமல் தடுக்கும் பழைய முற்றுகை முறை நீராவிக் காலத்திலும் செல்லுமா என்பதே சோதிக்கப்பட்ட வினா. அட்மிரல் டிரையன் தலைமையிலான பகைநாட்டுக் கப்பல்கள் இருளில் முற்றுகையிலிருந்து நழுவி, பிரிட்டனின் கடற்கரையை அடைந்து, லிவர்பூல் துறைமுகத்தைத் தம் பிடிக்குள் கொண்டுவந்ததாகக் கணக்கிடப்பட்டது. இவ்வொத்திகையை ஆராய்ந்த மூன்று அட்மிரல்களின் அறிக்கை, பிரிட்டனின் கடற்படை அதன் பொறுப்புகளுக்குப் போதாது என்று வெளிப்படையாகக் கூறியது. மறு ஆண்டு நிறைவேறிய கடற்படைப் பாதுகாப்புச் சட்டம் 10 பெரும் போர்க்கப்பல்கள் உட்பட 70 கப்பல்களைக் கட்டுவதற்கு 2.15 கோடி பவுண்டு ஒதுக்கியது. தமக்கு அடுத்த இரண்டு கடற்படைகளின் கூட்டு வலிமைக்குக் குறையாத கடற்படை வேண்டும் என்ற கொள்கையும் அப்போதே அரசின் கொள்கையாயிற்று. இல்லாத நாடு ஒன்று பெற்ற வெற்றி, இருக்கும் நாட்டின் கருவூலத்தைத் திறக்கவைத்தது.

நியூபோர்ட்டின் வண்ண நாடுகள்

இக்கலை முழுமை பெற்ற இடம் அமெரிக்காவின் நியூபோர்ட் நகரம். அங்கே 1884இல் ஸ்டீஃபன் லூஸ் நிறுவிய கடற்படைப் போர்க் கல்லூரியில், ஒரு கண்ணின் பார்வையை விபத்தில் இழந்து பணியிலிருந்து விலகிய வில்லியம் மெக்கார்ட்டி லிட்டில் என்னும் அதிகாரி 1887 முதல் போர் விளையாட்டைப் பற்றி விரிவுரை ஆற்றினார். 1894இல் அது பாடத்திட்டத்தின் நிலையான பகுதியாயிற்று. கப்பலில் ஏறிப் போரிடும் வாய்ப்பை இழந்த அவர், 1915இல் மறையும்வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இப்பணியிலேயே நிலைத்திருந்து, அமெரிக்கக் கடற்படையின் ஒரு தலைமுறை அதிகாரிகளுக்குச் சிந்திக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார்.

நியூபோர்ட்டின் ஆட்டங்களில் நாடுகள் தம் பெயரால் அழைக்கப்படாமல் வண்ணங்களால் அழைக்கப்பட்டன. அமெரிக்கா நீலம், ஜப்பான் ஆரஞ்சு, பிரிட்டன் சிவப்பு, ஜெர்மனி கறுப்பு என்பன அவற்றுள் சில. வண்ணப்பெயர் மறைப்புக்கு மட்டும் உதவவில்லை. நட்பு நாட்டோடும் போர் மூளுவதாகக் கொண்டு, அரசியல் கூச்சம் இல்லாமல் ஆராய்வதற்கும் அது இடமளித்தது. கப்பலின் உயிர் என்பது எத்தனை 14 அங்குலக் குண்டுகளை அது தாங்கும் என்ற எண்ணாகக் கணக்கிடப்பட்டது. மாணவர்கள் அறைகளில் அமர்ந்து எழுத்து மூலம் ஆணை அனுப்ப, கட்டமிட்ட பெருந்தரையில் மாதிரிக் கப்பல்கள் நகர்த்தப்பட்டன.

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலான ஆட்டங்கள் ஆரஞ்சு நாட்டுக்கு எதிராகவே அமைந்தன. தொடக்கத்தில் நீலக் கடற்படை பசிபிக் பெருங்கடலை ஒரே மூச்சில் கடந்து பிலிப்பைன்ஸை மீட்பதாகவே திட்டம் இருந்தது. 1922ஆம் ஆண்டின் வாஷிங்டன் உடன்படிக்கை மேற்குப் பசிபிக்கில் அமெரிக்கா புதிய கோட்டைத் தளங்களை அமைப்பதைத் தடுத்திருந்ததால், அடிபட்ட கப்பலைச் சீர்செய்வதற்கு அருகில் துறை எதுவும் இல்லை. வழிநெடுக நீர்மூழ்கிகளாலும் விமானங்களாலும் தேய்ந்துபோன நீலக் கடற்படை, முடிவான மோதலுக்கு வந்து சேரும்போது வலிமை குன்றியிருப்பதை ஆட்டங்கள் மீண்டும் மீண்டும் காட்டின. எனவே தீவு தீவாகப் பிடித்து முன்னேறுவது, எண்ணெய்க் கப்பல்களையும் பழுதுபார்க்கும் கப்பல்களையும் மிதக்கும் உலர்துறைகளையும் கடற்படையோடு உடன் கொண்டுசெல்வது என்னும் மெதுவான வழி மெல்ல மெல்ல உறுதிப்பட்டது. மிதக்கும் உலர்துறை என்பது நீரில் தாழ்ந்து கப்பலை உள்வாங்கி, பின் மேலெழுந்து அதன் அடிப்பகுதியைச் சீர்செய்ய உதவும் பெருந்தொட்டி. 1944இல் பசிபிக் போர் நடந்த விதத்தைப் பார்த்தால், நியூபோர்ட்டில் பல்லாண்டுகள் தோற்றுத் தோற்றுக் கற்ற பாடம் அதில் தெரிகிறது.

விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றி ஆட்டங்கள் கற்பித்தது இன்னும் நுட்பமானது. பீரங்கிப் போரில் சேதம் தொடர்ந்து சிறுகச் சிறுகச் சேரும்; விமானத் தாக்குதலிலோ ஒரே அலையாக வந்து மொத்தமாக விழும். ஆகவே ஒரே நேரத்தில் எத்தனை விமானங்களை மேலே அனுப்ப முடியும் என்பதே வெற்றியைத் தீர்மானிக்கிறது என்பதை உணர்ந்தவர்களுள் ஒருவர், கல்லூரியின் போர்த்தந்திரத் துறையை நடத்திய ஜோசஃப் ரீவ்ஸ். 1925இல் போர்க் கடற்படையின் விமானப் பிரிவுகளுக்குத் தலைமையேற்றபோது, நிலக்கரிக் கப்பலிலிருந்து மாற்றிக் கட்டப்பட்ட லாங்லி என்னும் ஒரே விமானந்தாங்கி அவர் கைக்குக் கிடைத்தது. இறங்கிய விமானத்தை உடனே கீழே இறக்காமல் தளத்தின் முன்பகுதியில் நிறுத்தி, நடுவில் தடுப்பு வலை அமைத்து, அடுத்ததை உடனே இறங்கவிடும் முறையை அவர் வற்புறுத்தியதால் லாங்லி சுமந்த விமானங்களின் எண்ணிக்கை பன்மடங்காயிற்று. 1929 ஜனவரியில் நடந்த கடல் ஒத்திகையில், சாரட்டோகா என்னும் விமானந்தாங்கி இரவோடு இரவாக விரைந்து சென்று, விடியலில் ஏவிய விமானங்கள் பனாமாக் கால்வாயின் நீர்ப்பூட்டுகளை அழித்துவிட்டதாக நடுவர்கள் தீர்ப்பளித்தனர்; அன்றே சாரட்டோகாவும் மூழ்கியதாகத் தீர்ப்பாயிற்று. தாக்கும் ஆற்றலும் எளிதில் அழியும் தன்மையும் ஒரே கப்பலில் கூடியிருப்பதை இவ்விரு தீர்ப்புகளும் சேர்ந்தே உணர்த்தின. 1922-23இல் நியூபோர்ட்டில் பயின்று, பின்னர் பசிபிக் கடற்படையை நடத்திய செஸ்டர் நிமிட்ஸ், போரில் நிகழ்ந்தவற்றுள் தற்கொலை விமானத் தாக்குதலைத் தவிர ஏறத்தாழ எல்லாமே அக்கல்லூரியின் ஆட்ட அறைகளில் முன்பே நிகழ்ந்துவிட்டன என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

நீர்மூழ்கிகளும் லிவர்பூலின் பெண்களும்

நீர்மூழ்கிக் கப்பல் போர் விளையாட்டுக்கு ஒரு புதிய சிக்கலைக் கொண்டுவந்தது. மேற்பரப்புக் கப்பல்கள் ஒன்றையொன்று கண்டபின் மோதுகின்றன. நீர்மூழ்கியின் போரோ காணப்படாமல் இருப்பதிலேயே அடங்கியுள்ளது. ஜெர்மானிய நீர்மூழ்கிப் படையின் தலைவர் கார்ல் டோனிட்ஸ் 1938-39ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அட்லாண்டிக்கில் வணிகக் கப்பல் தொடரணிகளைத் தாக்குவது குறித்து ஒரு போர் விளையாட்டை நடத்தினார். தொடரணி என்பது பல வணிகக் கப்பல்கள் காவல் கப்பல்களின் பாதுகாப்பில் ஒன்றாகச் செல்லும் அணி. அதைக் கண்டுபிடித்துக் கூட்டமாகத் தாக்க 300 நீர்மூழ்கிகளாவது வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியபோது ஜெர்மனியிடம் இருந்தவை 57 மட்டுமே. பெரும் மேற்பரப்புக் கப்பல்களின்மீது நாட்டம் கொண்டிருந்த கடற்படைத் தலைமை அம்முடிவுக்கு உரிய காலத்தில் செவிசாய்க்கவில்லை.

எதிர்த்தரப்பில் இதே கலை மக்களின் உயிரைக் காத்தது. 1942 தொடக்கத்தில் லிவர்பூல் நகரில் அட்லாண்டிக் காவலை நடத்திய தலைமையகத்தின் மேல்மாடியில், கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் ஒரு போர்த்தந்திரப் பிரிவைத் தொடங்கினார். காசநோயால் 1938இல் கடற்பணியிலிருந்து விலக்கப்பட்டிருந்த அவருக்குத் துணையாக அமைந்தவர்கள் மகளிர் கடற்படைப் பிரிவைச் சேர்ந்த இளம் பெண்கள்; அவர்களுள் பலர் இருபது வயதை ஒட்டியவர்கள். தரையையே கடலாக்கி, கட்டமிட்டு, மாதிரிக் கப்பல்களை அவர்கள் நகர்த்தினர். பயிற்சிக்கு வந்த காவல் கப்பல் தலைவர்கள் துணித்திரைகளுக்குப் பின்னால் நின்று, சிறு துளை வழியே மட்டும் பார்த்தனர். கப்பல்களின் தடம் வெள்ளைச் சுண்ணக்கட்டியாலும், நீர்மூழ்கியின் தடம் துளை வழியே பார்ப்போர் கண்ணுக்குப் புலப்படாத பச்சைச் சுண்ணக்கட்டியாலும் வரையப்பட்டன. ஒவ்வொரு நகர்வும் கடலில் 2 நிமிடங்களுக்குச் சமம். அந்த நேரத்துக்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

இப்பிரிவு முதலில் எடுத்துக்கொண்ட புதிர், தொடரணியின் நடுவிலிருந்த கப்பல்கள் எவ்வாறு டார்பிடோவுக்கு இரையாகின்றன என்பது. நீர்மூழ்கி அணிக்கு வெளியே தொலைவில் நின்றே சுடுகிறது என்று நம்பிய காவல் கப்பல்கள், தாக்குதல் நிகழ்ந்தவுடன் வெளிப்புறமாகப் பாய்ந்து தேடின. அத்தொலைவிலிருந்து ஏவிய டார்பிடோ நடுவரிசைக் கப்பலை எட்டாது என்பதைத் தரைமீது அளந்து பார்த்த ராபர்ட்ஸும் அவர் குழுவினரும், நீர்மூழ்கி இருளில் நீர்மட்டத்தில் மிதந்தபடியே பின்புறமாக அணிக்குள் நுழைந்து, அருகிலிருந்து சுட்டுவிட்டு, ஆழத்தில் மூழ்கி, தொடரணி தலைக்குமேல் கடந்துபோகும்வரை காத்திருந்து தப்புகிறது என்ற முடிவுக்கு வந்தனர். நீர்மூழ்கி உள்ளே இருக்கும்போது காவலர்கள் வெளியே தேடியிருக்கிறார்கள் என்பது அதன் பொருள். தாக்கப்பட்டவுடன் காவல் கப்பல்கள் தொடரணியின் பின்புறத்துக்குத் திரும்பி, ஒலியலைகளால் நீருக்கடியில் தேடும் கருவியோடு ஒழுங்கான வரிசையில் அப்பகுதியைச் சல்லடைபோட வேண்டும் என்ற புதிய முறையை அவர்கள் வகுத்தனர். அட்மிரல் பெர்சி நோபிள் அதை ஏற்று நடைமுறைப்படுத்தினார். அதற்குப் பெயர் சூட்டியவர் ஜீன் லெய்ட்லா என்னும் இளம்பெண்.

1942 நவம்பரில் நோபிளுக்குப் பின் பொறுப்பேற்ற அட்மிரல் மேக்ஸ் ஹார்ட்டன், முதல் உலகப் போரில் நீர்மூழ்கித் தலைவராக ஜெர்மானியக் கப்பல்களை மூழ்கடித்துப் புகழ்பெற்றவர். இவ்வாட்டத்தை அவரும் ஆடிப் பார்த்தார். நீர்மூழ்கியைச் செலுத்திய அவரை, காவல் கப்பல்களைச் செலுத்திய ஜேனட் ஓகெல் என்னும் பெண் மீண்டும் மீண்டும் வென்றார். கடலில் ஒரு நாளும் போரிடாத பெண்ணிடம் தோற்ற அந்த அட்மிரல், தீர்ப்பை மாற்றக் கோரவில்லை. அப்பிரிவின் முறைகளைத் தம் படை முழுவதும் கையாளச் செய்தார். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 5000 அதிகாரிகள் அம்மாடியில் பயிற்சி பெற்றனர். 1943 மே மாதத்தில் மட்டும் ஜெர்மனி 40க்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளை இழந்தது. அம்மாத இறுதியில் டோனிட்ஸ் தம் நீர்மூழ்கிகளை வட அட்லாண்டிக்கிலிருந்து விலக்கிக்கொண்டார். நெடுந்தொலைவு விமானங்கள், ரேடார், குறியீட்டுச் செய்திகளை உடைத்த அறிஞர்கள், பெருகிய கப்பல் கட்டுமானம் ஆகியவை இவ்வெற்றியில் பெரும்பங்கு வகித்தன என்பது உண்மையே. ஆயினும் அக்கருவிகளை இரவிலும் புயலிலும் எவ்வாறு ஒருங்கே பயன்படுத்துவது என்பதைக் காவல் கப்பல்களின் தலைவர்கள் கற்றது அந்தத் தரையில்தான்.

யமாட்டோவின் பகடை

லிவர்பூலில் பெண்கள் சுண்ணக்கட்டியால் கோடு வரைந்துகொண்டிருந்த அதே 1942இன் மே மாதத் தொடக்கத்தில், ஜப்பானின் மாபெரும் போர்க்கப்பலான யமாட்டோவில் மிட்வே தீவைத் தாக்கும் திட்டம் போர் விளையாட்டாக ஆடப்பட்டது. அதில் பங்கேற்ற ஒகுமியா மசாடகேயும், விமானப்படைத் தலைவர் ஃபூச்சிதாவும் போருக்குப் பின் எழுதிய நூலில் அதன் விவரம் உள்ளது. தீவிலிருந்து எழுந்த அமெரிக்க விமானங்கள் ஜப்பானிய விமானந்தாங்கிகளைத் தாக்கியபோது, நடுவராக இருந்த ஒகுமியா பகடை உருட்டி, ஒன்பது குண்டுகள் பட்டன என்றும், அகாகியும் காகாவும் மூழ்கின என்றும் தீர்ப்பளித்தார். ஆட்டத்தை நடத்திய அட்மிரல் உகாகி குண்டுகளை மூன்றாகக் குறைத்து, அகாகிக்குச் சிறு சேதம், காகா மட்டும் மூழ்கியது என்று மாற்றினார். அடுத்த கட்ட ஆட்டத்தில் காகாவும் மீண்டும் மிதந்து போரிட்டது. ஒரு மாதம் கழித்து, ஜூன் 4 அன்று நிகழ்ந்த உண்மைப் போரில் அகாகி, காகா, சோர்யு ஆகிய மூன்றும் ஒரே காலையில் தீக்கிரையாக, ஹிர்யுவும் அன்றே வீழ்ந்தது. ஜப்பானியர் 3000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

பகடையின் தீர்ப்பை மாற்றியது மட்டுமே உகாகியின் பிழை எனக் கொள்வது முழுமையான விளக்கம் ஆகாது. பகடை அரிதான விளைவையும் காட்டக்கூடும். ஆட்டம் தொடர வேண்டும் என்பதற்காக ஒரு கப்பலை மீட்டெடுப்பது நடுவரின் உரிமைக்கு உட்பட்டதே. ஆனால் விமானங்கள் தீவைத் தாக்கச் சென்றிருக்கும் வேளையில் பகைவர் தாக்கினால் என்ன செய்வது என்று அந்தத் தீர்ப்பு எழுப்பிய வினாவுக்கு அங்கே திடமான விடை தேடப்படவில்லை. கப்பல் மீண்டு வந்தபோது வினாவும் மறைந்துபோயிற்று.

இதற்கு முந்தைய ஆண்டில் அதே நாட்டில் நடந்த மற்றொரு ஒத்திகையின் கதியும் இதுவே. 1941 கோடையில் டோக்கியோவின் முழுப்போர் ஆய்வு நிறுவனத்தில் இளம் அதிகாரிகள் ஒரு கற்பனை அமைச்சரவையாக அமர்ந்து, அமெரிக்காவோடு போர் மூண்டால் என்னாகும் என்று துறைதோறும் கணக்கிட்டனர். தொடக்க வெற்றிகள் கிடைக்கும், ஆனால் வணிகக் கப்பல்கள் கட்டப்படும் விரைவைவிட மூழ்கும் விரைவு கூடி, எண்ணெயும் மூலப்பொருளும் வராமல், இறுதியில் தோல்வியே நேரும் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆகஸ்ட் இறுதியில் பிரதமர் கொனோயே முன்னிலையில் அது எடுத்துரைக்கப்பட்டபோது, போர் மேசைக் கணக்கைப் போல் நடப்பதில்லை என்று தரைப்படை அமைச்சர் தோஜோ அதனை ஒதுக்கினார். பின்னர் ஜப்பான் இழந்த வணிகக் கப்பல்களின் கொள்ளளவில் பாதிக்கும் மேற்பட்டதை அமெரிக்க நீர்மூழ்கிகளே மூழ்கடித்தன.

அண்மைக் காலமும் நீடிக்கும் படிப்பினையும்

கணினி வந்தபின் கட்டங்களும் சுண்ணக்கட்டியும் பெரும்பாலும் மறைந்தன. ஆனால் மனிதரின் மனநிலை மாறியதாகக் கூற முடியாது. 2002இல் அமெரிக்கா 25 கோடி டாலர் செலவில் நடத்திய பெரும் ஒத்திகையில், பாரசீக வளைகுடாப் பகுதியின் பெயரிடப்படாத பகைநாட்டை ஓய்வுபெற்ற கடற்படைக் காலாட்படைத் தளபதி பால் வான் ரைப்பர் வழிநடத்தினார். வானொலிச் செய்திகள் ஒட்டுக்கேட்கப்படும் என்பதால் மோட்டார் சைக்கிள் தூதுவர்கள் மூலம் ஆணை அனுப்பி, ஏவுகணைகளையும் சிறு படகுகளையும் ஒரே நேரத்தில் செலுத்தி, ஒரு விமானந்தாங்கி உட்பட 16 போர்க்கப்பல்களை அவர் மூழ்கடித்ததாகக் கணினி காட்டியது. ஒத்திகை நிறுத்தப்பட்டு, மூழ்கிய கப்பல்கள் மீட்கப்பட்டு, பகைநாட்டின் செயல்களுக்குப் புதிய கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டு மீண்டும் தொடங்கியது. வான் ரைப்பர் இடையிலேயே விலகிக்கொண்டார். கப்பல்களை மீட்டு ஒத்திகையைத் தொடர்ந்ததற்கு, மிச்சமிருந்த பயிற்சிகளை நடத்த வேண்டியிருந்தது என்பதே அதிகாரிகள் கூறிய காரணம். எனினும் பெரும் போர்க்கப்பல்களைச் சிறு படகுகளின் கூட்டம் எவ்வாறு திணறடிக்கக்கூடும் என்பதை அவ்வொத்திகை காட்டியது.

இந்தியக் கடற்படையின் உயர் அதிகாரிகளும் இத்தகைய கல்வியைக் கோவாவிலுள்ள கடற்படைப் போர்க் கல்லூரியில் பெறுகின்றனர். 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட அதன் புதிய கட்டடத்துக்குச் சோழர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. ஸ்ரீவிஜயத்தின்மீது ராஜேந்திர சோழன் அனுப்பிய கடற்படையெடுப்பு அதன் சுவரோவியமாகியுள்ளது. வங்கக் கடலைக் கடந்து பெரும்படையை அனுப்பி வென்ற அரசு, கப்பல்கள் புறப்படுமுன் பருவக்காற்று, துறைமுகம், நீர், உணவு, பகைவரின் வலிமை ஆகியவற்றை எவ்வளவு எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்பதை அக்கல்லூரியில் பயில்வோர் உணர்வது பொருத்தமானதே.

இவ்வரலாற்றில் தோன்றும் கடற்படைகள் எல்லாவற்றிடமும் திறமையான விதிகள் இருந்தன, அறிவார்ந்த நடுவர்களும் இருந்தனர். ஜப்பானிய நடுவர் லிவர்பூல் பெண்களைவிடக் குறைந்த அறிவுடையவர் அல்லர். டோக்கியோவின் இளம் அதிகாரிகளின் கணிப்பு நியூபோர்ட்டின் கணிப்புக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. வேறுபாடு, தீர்ப்பு யாருக்குச் சொல்லப்பட்டதோ அவரிடத்தில் இருந்தது. ஹார்ட்டனும் ரீவ்ஸும் கற்பனைத் தோல்வியை உண்மைத் தகவலாக ஏற்றுக்கொண்டு தம் படைகளை மாற்றியமைத்தனர். உகாகியும் தோஜோவும் அதை இடையூறாகக் கருதி விலக்கினர். மேசைமீது மூழ்கும் கப்பலில் ஒரு மாலுமியும் இறப்பதில்லை. அந்த இழப்பின் காரணத்தை அங்கேயே ஆராய்ந்து திருத்திக்கொள்ளும் பொறுப்பு, பின்னர் அத்தகைய கப்பலில் மனிதர்களை அனுப்பப்போகிற தலைமைக்கு உரியது. எந்த நாட்டுக் கடற்படையும் தன் போர் விளையாட்டுகளை மதிப்பிட வேண்டியது அவற்றில் பெற்ற வெற்றிகளைக் கொண்டு அன்று, அவற்றில் ஏற்ற தோல்விகளுக்குப் பின் எதை மாற்றியது என்பதைக் கொண்டே ஆகும்.